கட்டிவிட்டவன் கை

கடல் என்றால் எனக்குப் பயம். ஊர்காவற்றுறையில், பரம்பரை பரம்பரையாகக் கடலை நம்பிச் சோறு தின்ற வீட்டில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். பயந்தவன்தான் கவனமாக இருப்பான். எட்டு வருடம் யாழ்ப்பாணம் ஓடிய தனியார் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தேன். மிதிபலகையில் தொங்குகிற இளந்தாரிகளை உள்ளே ஏற்றாமல் நான் ஒருநாளும் மணி அடித்ததில்லை. அந்த எட்டு வருடத்தில் என் பஸ்ஸிலிருந்து ஒருவர்கூட விழவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நான் தமிழில் சொல்ல, சார்ஜன்ற் அதைச் சிங்களத்தில் சொல்ல, நடுவில் சில சொற்கள் தவறிப்போகும். அதனால்தான் எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். நீங்களும் கதிரை போட்டு, தாளும் தந்து, தேத்தண்ணீரும் எடுப்பித்துத் தந்தீர்கள். நன்றி.

என் பெயர் அருளப்பு பெனடிற். வயது முப்பத்தாறு. என் தங்கை மேரிசுகந்தியின் கணவர் றெக்ஷன், பங்குனி மாதம் இரண்டாம் சனிக்கிழமை, நெடுந்தீவுக்கு மேற்கே கடலட்டை பிடிக்கச் சிலிண்டர் கட்டி இறங்கிய இடத்தில் இறந்தார். அவரோடு கூட இறங்கியவன் நான். சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்று இருந்திருக்கிறது, அதன் காற்றுத் திருகும் முழுதாகத் திறந்திருக்கிறது, பிறகு எப்படி மூச்சு முட்டிச் செத்தார் என்று அன்று என்னிடம் கேட்டீர்கள். தெரியாது என்றேன். காற்று அடிக்கிற கொம்பிறசரின் புகை உள்ளே போயிருக்கும் என்று நீங்களே ஒரு முடிவுக்கு வந்தீர்கள். நான் மறுக்கவில்லை.

கொம்பிறசர் இராயப்பு அண்ணையுடையது. படகும் அவருடையதுதான். அவரைப் பதினான்கு நாள் உள்ளே வைத்திருந்தீர்கள். இப்போது ஞாயிறு தோறும் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு இங்கே வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறார். படகு இறங்குதுறையில் வெயில் குடித்துக்கொண்டு கிடக்கிறது. இராயப்பு அண்ணை செய்யாத பிழை இல்லை. ஆனால் இந்தப் பிழை அவருடையது அல்ல. செய்யாததற்கு ஒருவரைத் தண்டிப்பது ஒழுங்கில்லை. எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும்.

நான் எப்படிச் சுழியோடி ஆனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடக் கடைசியில் பஸ் முதலாளி பஸ்ஸை விற்றுவிட்டுக் கனடா போய்விட்டார். நான் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். அப்போதுதான் தங்கை வந்தாள். கல்யாணமாகி நாலு வருடம் கழித்து வயிற்றில் பிள்ளை, மூன்று மாதம்.

“அண்ணை, அந்த மனிசன் என்ரை சொல்லுக் கேளாது. ஒரு நாளைக்கு ஆறுதரம் இறங்கிறார். நீங்கள் கூடப் போனால்தான் எனக்கு நித்திரை வரும். கடலுக்கை அவரைத் தனிய விடாதேங்கோ” என்றாள்.

விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கடைசி நிமிடம் வரைக்கும் நான் அவரைத் தனிய விடவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சும்மா இறங்குகிற ஆள் நான் இல்லை. சுழியோடிகள் கை கால் விளங்காமல் போவதைப் பார்த்து, ஒரு நிறுவனம் திருகோணமலையில் பத்து நாள் பயிற்சி வைத்தது. எங்கள் பக்கத்தில் நாலு பேருக்கு இடம் தந்தார்கள். பத்து நாள் தொழில் கெட்டுவிடும் என்று மற்றவர்கள் போகவில்லை. நான் போனேன். சான்றிதழும் நீல மட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகமும் தந்தார்கள். சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன். புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிப் படகிலேயே வைத்திருந்தேன். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

அந்தப் புத்தகத்தின்படி பார்த்தால் எங்கள் படகில் நடந்தது தொழில் இல்லை, தற்கொலை. காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற மீற்றர் றெக்ஷனுடைய சிலிண்டரில் உடைந்து ஒரு வருடம். மூச்சு இறுகும்போது தெரியும்தானே என்பார். ஆளைக் கீழே இறக்குகிற ஈயக்கட்டிகளை ஒரே இழுவையில் கழன்று விழுகிற மாதிரி வாரில் பூட்ட வேண்டும். அவர் நைலோன் கயிற்றால் இரண்டு முடிச்சுப் போட்டு இடுப்பில் கட்டுவார். மேலே வரும்போது ஆறுதலாக, மெல்ல மெல்ல வர வேண்டும், நடுவில் நின்று வர வேண்டும். அவர் அம்பு மாதிரிப் பாய்ந்து வருவார். அப்படிப் பாய்ந்து வந்துதான் இராயப்பு அண்ணைக்கு இடது கால் விளங்காமல் போனது. அதற்குப் பிறகு அவர் இறங்குவதில்லை, மேலே இஞ்சின் பார்ப்பார். ஆனால் கேட்டால் பனி வாதம் என்பார்.

சைகையும் அப்படித்தான். காற்று முடிந்தால் விரித்த கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்ட வேண்டும் என்பது புத்தகம். இவர்கள் பசித்தவன் மாதிரி வயிற்றில் தட்டுவார்கள். வயிறு காலி என்றால் சிலிண்டர் காலி. மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல் பிரிக்கப் பிந்தினாலும் அதே தட்டுத்தான். இதெல்லாம் ஒரு சைகையா என்று கேட்டேன். “தம்பி பெனடிற், கடலுக்கு வாசிக்கத் தெரியாது. நீர் புத்தகத்தை உள்ளுக்கை வையும்” என்றார் இராயப்பு அண்ணை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழக்கம் இருந்தது. முதுகில் சிலிண்டரைத் தானாகக் கட்ட ஏலாது. பக்கத்தில் இருக்கிறவன்தான் திருகைத் திறந்து, தூக்கி, கட்டிவிட வேண்டும். கட்டிவிட்ட பிறகு அதைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. கட்டிவிட்டவன் கையைச் சந்தேகிக்கக் கூடாது என்பது இந்தக் கடலில் வேதவாக்கு. நான் முதல்நாளே கையைப் பின்னால் வளைத்துத் திருகைத் தடவிப் பார்த்தேன். கட்டிவிட்டது இராயப்பு அண்ணை. அன்று முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை. நான் ஏதோ அவர் மகளைப் பற்றித் தப்பாகக் கேட்டுவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

நான் இறங்கத் தொடங்கி மூன்றாவது கிழமை ஒரு சம்பவம் நடந்தது. ஆறு பாகம், கிட்டத்தட்ட முப்பத்தாறு அடி ஆழத்தில் எனக்குக் காற்று முடிந்துவிட்டது. மீற்றரைப் பார்க்க மறந்திருந்தேன், பிழை என்னுடையதுதான். நான் சைகை காட்டினேன். றெக்ஷன் வந்து, தன் வாயில் இருந்த குழாயைக் கழற்றி என் வாயில் வைத்தார். மாறி மாறி மூச்சு எடுத்து இரண்டு பேரும் மேலே வந்தோம். அவர் எனக்கு உயிர் தந்தார். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை.

ஆனால் அதை அவர் கதையாக்கினார். கச்சதீவுத் திருவிழாவுக்குப் போனபோது, கொட்டிலுக்குள் படுத்திருந்த இருபது பேருக்கு முன்னால் நடித்துக் காட்டினார். திருவிழா முடிந்து வந்த ஞாயிறு, தங்கை வீட்டில் நண்டுக் குழம்பு. சாப்பிட இருந்த இடத்தில் மறுபடியும் தொடங்கினார்.

“மச்சானின்ரை கண் ரெண்டும் இந்த நண்டின்ரை கண் மாதிரி வெளியாலை நிக்குது. சேர்ட்டிபிக்கற்றைக் காட்டினா மீன் காத்துத் தருமெண்டு நினைச்சவரோ தெரியாது” என்றார். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு, “கோவிக்காதையும் மச்சான். உமக்குப் பயம். அதுக்குப் பாதுகாப்பெண்டு பேர் வைச்சிருக்கிறீர்” என்றார்.

நானும் சிரித்தேன். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மானம் போனதென்று நான் வருந்தினேன் என நினைக்காதீர்கள். ஆபத்தைப் பகிடியாக்குகிறவன் ஒருநாள் அந்த ஆபத்துக்கே இரையாவான். என் தங்கை இளம் வயதில் தாலியறுத்து நிற்பாளே என்ற கவலைதான்.

சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். புதிய மீற்றர் ஒன்றை என் கைக்காசில் வாங்கிக் கொடுத்தேன். அதைத் தங்கை வீட்டுக் குசினியில் ஆணியடித்து மாட்டி, காஸ் முடிந்ததோ என்று பார்க்க இது உதவும் என்று பகிடி விட்டார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்று சும்மாவா சொன்னார்கள். பால்குடி மறக்கடிக்கத் தாய் முலையில் வேப்பெண்ணெய் பூசுகிறாள். பிள்ளை முகத்தைச் சுளித்து அழும். அதற்காகத் தாயைக் கெட்டவள் என்று யாரும் சொல்வதில்லை.

திருகை முழுதாகத் திறக்காமல் கொஞ்சமாகத் திறந்துவிட்டால், படகில் இருக்கும்போது மூச்சு நன்றாகத்தான் வரும், ஆழத்துக்குப் போனதும் இறுகும். கவனம் என்று பயிற்சியில் எச்சரித்த விஷயம் அது. நான் யோசித்ததும் அவ்வளவுதான். கீழே அவருக்கு மூச்சு இறுகும். பக்கத்தில் நான் இருப்பேன். முறைப்படி சைகை காட்டுவார், முறைப்படி என் காற்றைக் கொடுப்பேன், முறைப்படி மேலே கொண்டுவருவேன். அதற்குப் பிறகு அந்தக் கதையை வீட்டில் யார் சொல்லுவது என்று பார்ப்போம் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவருக்குச் சிலிண்டர் கட்டிவிட்டது நான்.

கடல் வார்த்த எண்ணெய் மாதிரிக் கிடந்தது. இராயப்பு அண்ணை பின்னால் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டி முடித்து, “மச்சான், திருகை ஒருக்காத் தொட்டுப் பாரும்” என்றேன்.

“நீர் கட்டினதுதானே. பிறகென்ன?” என்றார். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு முதுகுப்பக்கமாகத் தண்ணீரில் விழுந்தார்.

ஆகவே நான் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன். அவர் பார்க்கவில்லை.

எட்டுப் பாகம். கீழே மணலும் சாதாழைப் புல்லும். அட்டை நிறையக் கிடந்தது. அவர் குனிந்து குனிந்து பொறுக்கி வலைப்பைக்குள் போட்டார். நான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன். பை கால்வாசி நிரம்பியபோது நிமிர்ந்தார். வாய்க்குழாயை ஒருதரம் கையால் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றில் தட்டினார்.

நான் காத்திருந்தேன். அது புத்தகத்தில் உள்ள சைகை அல்ல. இப்படி என்று அவருக்குக் காட்டினேன், என் கையைக் கழுத்துக்குக் குறுக்கே மெதுவாக இழுத்து, பயிற்சியில் எங்களுக்குக் காட்டித் தந்த மாதிரியே. அவர் மறுபடியும் வயிற்றில் தட்டினார். என்னிடம் வந்து என் வாய்க்குழாயைப் பிடிக்கப் பார்த்தார். பதறுகிறவனை ஒரு கை தூரத்தில் நிறுத்து, இல்லாவிட்டால் இருவருக்கும் ஆபத்து என்பது விதி. அவர் நெஞ்சில் கை வைத்து அந்தத் தூரத்தில் நிறுத்தினேன். மறுபடியும் கழுத்தைக் காட்டினேன்.

அப்போது அவர் என்னை விட்டுவிட்டு இடுப்புக் கயிற்றோடு மல்லுக்கட்டினார். இரண்டு முடிச்சு, நனைந்த நைலோன். நான் எத்தனை தரம் சொல்லியிருந்தேன். முடிச்சு அவிழவில்லை. பையை எறிந்துவிட்டு, ஈயக்கட்டியோடேயே மேலே பாய்ந்தார்.

வலது கணுக்காலில் நாலு விரல் பதிந்த மாதிரிக் கண்டல் காயம் இருந்ததென்று வைத்தியர் எழுதியிருக்கிறார். கயிறு சுற்றியிருக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். அது கயிறு இல்லை ஐயா, என் கை. மேலே பாயக் கூடாது. பாய்ந்தால் கால் விளங்காமல் போகும், இராயப்பு அண்ணையைப் பார்த்த பிறகுமா அதைச் சொல்ல வேண்டும். பதறுகிறவனைப் பிடித்து நிறுத்து என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. நான் பிடித்து நிறுத்தினேன். அவர் அமைதியாகும் வரைக்கும் விடவில்லை.

அமைதியான பிறகு திருகை முழுதாகத் திறந்துவிட்டேன். ஏன் அப்போது திறந்தேன் என்று நானும் பல தரம் யோசித்திருக்கிறேன். அவருக்குக் காற்று வரட்டும் என்றுதான் என வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என் கத்தியால் ஈயக்கட்டிக் கயிற்றை அறுத்து, அவரைக் கக்கத்தில் அணைத்துக்கொண்டு ஆறுதலாக மேலே வந்தேன். மூன்று பாகம் இருக்கும்போது மூன்று நிமிடம் நின்றேன். அங்கே நின்றுதான் வர வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்து, மூன்று நிமிடமும் முழுதாக நின்றேன்.

இராயப்பு அண்ணை அவரைப் படகில் கிடத்தி, வாயில் வாய் வைத்து ஊதி, நெஞ்சில் குத்தி, கரை சேரும் வரைக்கும் ஊதிக்கொண்டே வந்தார். அந்த விளங்காத காலை வைத்துக்கொண்டு முழந்தாளில் நின்றுதான் ஊதினார். நான் இஞ்சினைப் பிடித்தேன். வேகமாகத்தான் ஓட்டினேன்.

செத்தவீட்டில் தங்கை அழவில்லை. பிரேதப் பெட்டியின் தலைமாட்டில் இருந்தவள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, காதுக்குள் கேட்டாள்.

“அண்ணை, வயித்திலை தட்டினவரோ?”

“இல்லைப் பிள்ளை. ஒண்டும் காட்டேல்லை. நித்திரை மாதிரிப் போயிட்டார்” என்றேன்.

“அப்ப அவர் கஷ்டப்படேல்லை” என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். இந்த மூன்று மாதமாக அவள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்கிறாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைத்தான் சொல்கிறாள். அடுத்த மாதம் பிள்ளை பிறக்கும். ஞானத்தகப்பனாக நான் நிற்க வேண்டும் என்று கோயில் பங்குச் சுவாமியிடம் பெயரும் கொடுத்துவிட்டாள். இந்தத் தாளை நீங்கள் நீதிமன்றத்தில் வாசிக்கும்போது அவளுக்கு அந்தச் சொல்லும் இல்லாமல் போகும். அதற்கு நான் என்ன செய்ய முடியும். இராயப்பு அண்ணை உள்ளே போனாலும் நான் உள்ளே போனாலும் அவள் முற்றத்தில் இனி றெக்ஷனின் செருப்பு கிடக்கப்போவதில்லை.

இந்தச் சாவால் ஒரு நன்மையாவது வரும் என்று நம்பியிருந்தேன். முப்பத்தோராம் நாள் பூசை வரைக்கும் எங்கள் பக்கத்துப் படகுகளில் எல்லாரும் திருகைத் தொட்டுப் பார்த்தார்கள். கட்டிவிட்டவன் கோவிக்கவில்லை. சிலர் மீற்றர்கூட வாங்கினார்கள். முப்பத்திரண்டாம் நாள் இறங்குதுறையில் நின்று பார்த்தேன். ஒருவனும் தொடவில்லை. பழைய மாதிரியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், பழைய மாதிரியே சிரித்தார்கள். ஒரு உயிர் போயும் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லையே என்று எனக்கு அன்றைக்கு வந்த கவலை சொல்லி முடியாது.

இனி ஒன்றுதான் மிச்சம். முறையான சைகை காட்டாதபடியால் நான் காத்திருந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை வெட்டினால் தாள் ஊத்தையாகும், அப்படியே இருக்கட்டும். ஆனால் சைகை எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் அது விளங்கும். அவர் ஒன்பது தரம் தட்டினார், ஒன்பதையும் நான் எண்ணினேன். என் சிலிண்டரில் அப்போது இரண்டு பேருக்குத் தாராளமாகக் காற்று இருந்தது.

ஆறு பாகத்தில் எனக்குக் காற்று முடிந்தபோது நான் சைகை காட்டினேன் என்றும் எழுதியிருக்கிறேன். எந்தச் சைகை என்று நீங்கள் கேட்பீர்கள். அன்றைக்கு என் கை கழுத்துக்குப் போகவில்லை. பத்து நாள் படித்ததில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நான் வயிற்றில்தான் தட்டினேன். றெக்ஷன் இரண்டாவது தட்டுக்குக் காத்திருக்கவில்லை.